கத்தி 300 ரூபாய், உறை 450 ரூபாய்: கம்பூட்ஸுக்குள் வைக்கும் சின்னக் கத்தி

வணக்கம். இன்று நாற்றங்காலைக் காட்டுவதாகச் சென்ற காணொளியில் சொல்லியிருந்தேன். நாற்று எங்கும் போய்விடாது, அதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒரு விலையைப் பற்றி உங்களிடம் பேசியே ஆகவேண்டும். பட்டறையில் 300 ரூபாய் கொடுத்து அடித்து வாங்கிய ஒரு சின்னக் கத்திக்கு, கோபிசெட்டிபாளையத்தில் தோல் உறை தைத்துத் தர 450 ரூபாய் கேட்டார்கள். தோலுக்கு விலை உண்டு, தையலுக்குக் கூலி உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உலை மூட்டி, இரும்பைக் காய்ச்சி அடித்து, அரம் போட்டுத் தந்தவருக்குக் கொடுத்ததைப்போல ஒன்றரை மடங்கை நான்கு விரல் அகலத் தோல் துண்டுக்குக் கொடு என்றால், எந்தக் கணக்கில் அதை எழுதுவது? “அளவு சின்னதுங்க, அதனாலதான் வேலை அதிகம்” என்றார் கடைக்காரர். பெரிய உறை என்ன விலை என்று கேட்டேன். அதுவும் 450தான்.

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு என் தோட்டத்துக் கோலம் தெரியும்: சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை, காலில் கறுப்பு ரப்பர் கம்பூட்ஸ். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டால் எங்கள் வயல் வரப்பெல்லாம் சேறுதான், புல் மறைப்பில் கண்ணாடிவிரியனும் கிடக்கும், ஆகையால் பூட்ஸ் இல்லாமல் நான் இறங்குவதில்லை. ஆண்கள் பெல்ட்டிலோ அரைஞாண் கயிற்றிலோ கத்தியைச் செருகிக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு இடுப்பில் அதற்கு இடம் கிடையாது, சட்டைப் பையில் செல்பேசி இருக்கிறது, குனிந்தால் அதுவே விழுகிறது. மிச்சம் இருக்கும் ஒரே இடம் பூட்ஸ்தான்.

கொடுவாள் இருக்கும்போது இன்னொரு கத்தி எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். கொடுவாள் தென்னை மட்டைக்கும் வாழைத் தாருக்கும் ஆன கருவி, வேலை முடிந்ததும் அது கட்டுத்தரையில் தொங்கும். போன வாரம் கன்றுக்குட்டி முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து, நைலான் கயிறு கழுத்தில் இறுகி, கால் மடங்கி விழுந்து கிடந்தபோது நான் இருந்தது கிணற்று மேட்டில். இழுபட்டு இறுகிய நைலான் முடிச்சை விரலால் அவிழ்க்க முடியாது என்பது மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஓடி வந்து அறுத்துவிட்டார், கன்று நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பக்கத்துத் தோட்டத்தில் ஆள் இருக்கமாட்டார்.

ஆக, எனக்கு வேண்டியது ஒரு கையால் கன்றின் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உருவக்கூடிய கத்தி. இந்த ஒரு நிபந்தனையிலேயே மடக்குக் கத்திகள் பாதி கழிந்துவிடுகின்றன. பிரான்சில் 1890 முதல் செய்துவரும் ஒப்பினெல் மடக்குக் கத்தி எனக்கு மிகவும் பிடித்தமானது, அடுப்பங்கரையில் எட்டாம் எண் கத்தி ஒன்று இருப்பதைப் பழைய காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். எட்டரை செ.மீ. அலகு, மெல்லிசு, எலுமிச்சம்பழத்தைக் காகிதம் போல அரியும். ஆனால் அதன் பிடி மரம், ஈரம் பட்டால் ஊதிக்கொண்டு அலகைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் இரண்டு கையாலும் இழுத்தாலும் சுலபத்தில் திறக்காது. வியர்வையும் வாய்க்கால் தண்ணீரும் ஊறுகிற பூட்ஸுக்குள் அதை வைப்பது அந்த நல்ல கத்திக்குச் செய்கிற அநியாயம்.

அடுத்தது, இணையக் கடைகளில் ‘பூட் கத்தி’ என்றே பெயர் போட்டு விற்கிறார்களே, அந்தக் கருப்புச் சாயம் பூசிய, இரண்டு பக்கமும் வாய், அதாவது வெட்டும் விளிம்பு வைத்த, ஈட்டி முனைக் கத்தி. அதை எனக்கு அறவே பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் கூராக இருந்தால் புறத்தில், அதாவது அலகின் முதுகில், பெருவிரலை வைத்து அழுத்த இடம் ஏது? துள்ளுகிற கன்றின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே ஈட்டி முனையை நுழைத்தால் கயிறு அறுபடுமோ குரல்வளை கிழியுமோ, யார் கண்டது? அது சண்டைக்காரர்களைக் கற்பனை செய்துகொண்டு வரைந்த கத்தி. தோட்டத்தில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது.

சுவீடனில் 1891 முதல் தொழில் நடத்தும் மோரா கத்தியைப் பலர் பரிந்துரைத்தீர்கள். நியாயமான பரிந்துரைதான், அதன் துருப்பிடிக்காத எஃகும் தண்ணீர் வடியத் துளை வைத்த பிளாஸ்டிக் உறையும் பூட்ஸுக்குப் பொருத்தமானவை. ஆனால் கம்பானியன் என்கிற வகையில் அலகு மட்டுமே 10 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், பிடியோடு சேர்த்தால் குத்துக்காலிட்டு உட்காரும்போது உறையின் முனை கணுக்காலில் இடிக்கும். எல்ட்ரிஸ் என்கிற குட்டிக் கத்தியின் அலகு 6 செ.மீ.க்குள் அடங்குகிறது, அளவு சரி, ஆனால் கப்பல் ஏறி இங்கே வந்து சேரும்போது அதற்கு ஏறியிருக்கும் விலையில் எங்கள் ஊரில் இரண்டு கொடுவாளும் ஒரு மண்வெட்டியும் வாங்கலாம். சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணலில், நொய்யல் கரையில், ஈராயிரம் ஆண்டுப் பழமையான இரும்பு உலைகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் உட்கார்ந்துகொண்டு மூன்று அங்குல இரும்புக்குச் சுவீடனிலிருந்து பார்சல் வரக் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

பட்டறையில் எனக்கு முன்னால் வைக்கப்பட்டவை இரண்டு இரும்புகள். ஒன்று, கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் தேய்ந்து கழிக்கப்படும், இரும்பு அறுக்கிற பவர் ஆக்சா பிளேடு. அதில் செய்த கத்தி மாதக்கணக்கில் கூர் மாறாது, சாணைக்கல்லில் சூடேறினாலும் கடினம் குறையாது. ஆனால் கண்ணாடிக் குணம், நெம்பினால் வளையாமல் முறிந்துவிடும், நானோ சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை நெம்பாமல் இருக்கப் போவதில்லை. இரண்டாவது, லாரியின் ஸ்பிரிங் பட்டை. கூர் சற்றுச் சீக்கிரம் மழுங்கும், துருவும் ஏறும், ஆனால் அடியையும் முறுக்கையும் தாங்கும். பட்டையையே எடுத்தேன்.

“அம்மிணி, இத்துனூண்டு கத்திய வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க, சுண்டைக்காய் அரியறதுக்கா?” என்று ஆசாரி ஐயா சிரித்தார். முனையைக் கூராக்காமல் புறத்திலிருந்து கீழ்நோக்கி வளைத்து மழுக்கித் தரச் சொன்னதும், “கத்திக்கு முனைய ஏனுங்க மழுக்கோணும்?” என்று சுத்தியலையே கீழே வைத்துவிட்டார். கன்றின் கதையைச் சொன்ன பிறகுதான் தலையாட்டினார். கனமாக இருந்த பட்டையை இரண்டரை மி.மீ.க்கு அடித்துத் தட்டையாக்கி, அலகு 3 அங்குலம், பிடியோடு ஆறரை அங்குலம் என்று முடித்தார்.

நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது அதன் பிறகுதான். செக்கச் சிவந்த அலகைப் பழைய எஞ்சின் எண்ணெயில் முக்கி எடுத்தார், அரத்தை வைத்துத் தேய்த்தால் பல் பிடிக்காமல் வழுக்கியது. அப்படியே விட்டால் உடைந்துபோகும் என்று, உமித்தூளும் மணலும் போட்டு ஒரு பக்கத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, புறத்தை மட்டும் தணலில் காட்டினார். தேய்த்துப் பளபளத்த இரும்பின் மேல் முதலில் வெளிர் மஞ்சள், அதன் பின்னால் பழுப்பு, அதற்கும் பின்னால் ஊதா என்று நிறங்கள் புறத்திலிருந்து வாய்ப்பக்கமாக மெல்ல நகர்ந்து வந்தன, வைக்கோல் நிறம் வாயைத் தொட்ட கணத்தில் தண்ணீரில் போட்டுவிட்டார். புறத்தில் நீலம், வாயில் வைக்கோல் நிறம். புறம் வளைந்து கொடுக்கும், வாய் கூரைக் காக்கும். இப்படிப்பட்ட கத்தியைச் சாணைக்காரரிடம் கொடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்: பொறி பறக்க ஒரேயடியாகப் பிடித்து வாய் நீலமானால் பதம், அதாவது கூரைக் காக்கும் கடினம், போய்விட்டது என்று பொருள், இடையிடையே தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். படம் பிடிக்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார், அதனால்தான் இந்த இடத்தில் வெறும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி உறை. 450 ரூபாயை நான் கொடுக்கவில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பட்டை இரும்பைத் துருவேற்றும் என்பதால், இலவசமாகக் கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். மோட்டார் அறையில் கிடந்த ஓர் அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். பிவிசி ஏறத்தாழ 80 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும், கொதிக்கும் தண்ணீரே போதும். நெருப்பில் நேராகக் காட்டாதீர்கள், கருகினால் வருகிற புகை நெஞ்சுக்குக் கேடு. அத்தையின் பழைய அரிசிப் பானையில்தான் கொதிக்க வைத்தேன், அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை. இளகிய குழாய்க்குள் பழைய வேட்டித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிய கத்தியை நுழைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே நானே ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஆறிய பிறகு துணியை எடுத்துவிட்டுக் கத்தியைச் செருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். தலைகீழாகப் பிடித்து உதறுகிறேன், பாருங்கள். விழவில்லை. இன்னொரு முறை. விழவில்லை. கட்டைவிரலால் உறையின் விளிம்பை உந்தினால் மட்டும் வருகிறது.

முக்கியமான சிக்கல் வேறு. கம்பூட்ஸைக் கனத்த கெண்டைக்கால்களுக்கு அளவெடுத்துச் செய்கிறார்கள், என் காலுக்கு அது தொளதொளவென்றிருக்கும், எந்த உறையை வைத்தாலும் நடக்க நடக்கக் குதிகாலுக்குச் சறுக்கிப்போய்விடும். அதனால் குழாயின் வாயில் ஒரு பக்கத்தை மட்டும் நாக்கைப்போல இரண்டு அங்குலம் நீளமாக விட்டு வெட்டி, அதைத் திரும்ப வெந்நீரில் இளக்கி, கொக்கியாக வளைத்து, பூட்ஸின் மேல் விளிம்பில் மாட்டிவிட்டேன். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. நான் வலக்கைப் பழக்கம் என்பதால் வலது பூட்ஸின் வெளிப்பக்கத்தில் வைக்கிறேன். உள்பக்கம் வைத்தால் வரப்பில் நடக்கும்போது இரண்டு காலும் உரசும், ஸ்கூட்டியில் உட்காரும்போது இடிக்கும்.

பிடியைச் சொல்ல மறந்துவிட்டேன். மரம் வைக்கவில்லை. சிவப்பு நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி அரால்டைட் பசை பூசினேன், சேற்றில் விழுந்தால் கண்ணில் பட வேண்டும். வாழைப்பால் பட்டால் அலகு கறுக்கும், அது அழகுதான், ஆனால் மாலையில் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள்.

பாம்பு கடித்தால் கீறிவிட உதவுமே என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து செய்யாதீர்கள், கீறினால் நஞ்சு இறங்காது, இரத்தப்போக்குத்தான் மிஞ்சும், விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

போலீஸ் பிடிக்குமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது, அதன்கீழ் 2016இல் வந்த விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன, வேளாண்மைக்கென்று செய்த கருவிகளை அதிலிருந்து விலக்கியும் வைக்கின்றன. என்னுடையது 3 அங்குலம், அகலம் முக்கால் அங்குலம். இருந்தாலும் புளியம்பட்டிச் சந்தைக்கோ பேருந்துக்கோ இதை எடுத்துப் போவதில்லை. அங்கே கயிறு அறுக்கிற வேலை எனக்கு இல்லை, கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை குனிந்து பூட்ஸிலிருந்து கத்தியை உருவினால் எந்த விதியை எடுத்துக் காட்டினாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

உறை செய்ய நினைக்கிறவர்கள் குழாயை முதலில் நீளமாகவே வெட்டிக்கொள்ளுங்கள், மிச்சத்தைப் பிறகு அறுத்து எடுத்துவிடலாம். ஒன்றேகால் அங்குலக் குழாய் வேண்டாம், கத்தி உள்ளே ஆடும்.