கோபியில் நான், கோவையில் ஈசியூ

வணக்கமுங்க. இன்றைக்குக் கோபியில் அப்புச்சி தோட்டத்துச் சாளையிலிருந்து பேசுகிறேன். லேப்டாப் இங்கே. நான் டெஸ்ட் செய்கிற என்ஜின் கன்ட்ரோல் யூனிட், அதாவது வண்டி என்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர், சுருக்கமாக ஈசியூ, கோவை பீளமேட்டில் ஒரு மேசை மேல் இருக்கிறது. வெப்கேமில் தெரிகிற அந்த அலுமினியப் பெட்டிதான். பக்கத்தில் பவர் சப்ளை, ரிலே போர்டு (கரண்டைப் போட்டு அணைக்கிற ஸ்விட்சுகள்), ராஸ்பெர்ரி பை என்கிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். என்ஜின் கிடையாது. என்ஜின் ஓடுவதுபோல் சிக்னல் கொடுத்து ஈசியூவை நம்ப வைக்கிறோம்.

அந்தச் சிக்னலை இங்கிருந்தே நெட்டில் அனுப்பலாமே என்று முதலில் எனக்கும் தோன்றியது. முடியாது. என்ஜினில் சுற்றுகிற தண்டுதான் கிராங்க். அதன் பல் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம், அதில் 2 பல் இருக்காது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஈசியூவுக்கு ஒரு சிக்னல் போகும். அந்த இடைவெளியை வைத்துத்தான் கிராங்க் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஈசியூ கண்டுபிடிக்கிறது. 6000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 100 சுற்று. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே 167 மைக்ரோசெகண்ட்தான். இப்போது பிங் போட்டு, கோவைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறேன்... 40 மில்லிசெகண்ட். அதற்குள் என்ஜின் 4 சுற்று சுற்றிவிடும். அந்த 40 மில்லிசெகண்டும் நிலையாக நிற்பதில்லை, மழை வந்தால் எங்கேயோ போய்விடும்.

நம் மோட்டார் ரூமைப் பாருங்கள். அப்புச்சி வீட்டில் உட்கார்ந்தபடி போன் போட்டே மோட்டாரை ஓட விடுகிறார். அவர் சொல்வது 'போடு' என்பது மட்டும்தான். ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு (மோட்டார் கிளம்புகிற இணைப்பிலிருந்து ஓடுகிற இணைப்புக்கு) எப்போது மாற வேண்டும் என்பதைப் பேனலில் இருக்கிற டைமர் பார்த்துக்கொள்ளும். கிணற்றில் தண்ணீர் இல்லையா, அவரைக் கேட்காமலே பேனல் நிறுத்திவிடும். பீளமேட்டு மேசையில் இருக்கிற டெஸ்ட் பெஞ்சும் இப்படித்தான் இருக்க வேண்டும். 'ஆர்பிஎம் 6000' என்ற எண் மட்டும் நெட்டில் போகட்டும். பல் சிக்னலை அங்கேயே இருக்கிற மைக்ரோகன்ட்ரோலர் என்கிற சின்னச் சிப் போடும்.

ஃப்ளாஷ் செய்வதற்கும், அதாவது ஈசியூவில் புது சாஃப்ட்வேர் ஏற்றுவதற்கும், இதே கதைதான். ஒரு மழை நாளில் இங்கிருந்து சாஃப்ட்வேர் ஏற்றிக்கொண்டிருந்தேன், பாதியில் லைன் போய்விட்டது. ஈசியூவோடு பேசுகிற முறையான யூடிஎஸ்ஸில் 'டெஸ்டர் ப்ரெசென்ட்' என்று ஒரு செய்தி உண்டு, 'நான் இன்னும் லைனில் இருக்கிறேன்' என்று ஈசியூவுக்குச் சொல்வது. 5 செகண்ட் எதுவுமே போகாவிட்டால் ஈசியூ செஷனை முடித்துக்கொள்ளும். பழைய சாஃப்ட்வேர் அழிந்தாயிற்று, புதியது முழுசாக ஏறவில்லை. சாஃப்ட்வேரை ஏற்ற உதவுகிற குட்டி ப்ரோகிராமான பூட்லோடர் தப்பித்ததால் மறுநாள் லைன் வந்ததும் முதலிலிருந்து ஏற்ற முடிந்தது. இப்போதெல்லாம் ஃபைலை முதலில் ராஸ்பெர்ரி பைக்கு அனுப்பி, ஃபைல் சிதையாமல் வந்ததா என்று செக்சம் வைத்துச் சரிபார்த்த பிறகு அங்கே இருக்கிற ஸ்கிரிப்டை ஏற்ற விடுகிறேன். நடுவில் நான் லேப்டாப்பை மூடினாலும் கவலையில்லை.

ரிலே வாங்கும்போது பேட்டரி லைனுக்கு ஒன்று, இக்னிஷனுக்கு ஒன்று, தனித்தனியாகப் போடுங்கள். சாவியை அணைத்த பிறகும் ஈசியூ கொஞ்ச நேரம் விழித்திருந்து, ஓடும்போது கற்றுக்கொண்ட மதிப்புகளை மெமரியில் எழுதும். பேட்டரியையும் சேர்த்துப் பிடுங்கினால் எழுத்து பாதியில் நின்றுவிடும். அப்புறம் வருகிற ஃபால்ட் கோடுக்காக, இல்லாத பிழையை சாஃப்ட்வேரில் ராத்திரி முழுக்கத் தேடுவீர்கள்.

ரௌட்டரில் போர்ட் 13400-ஐ வெளியே திறந்துவிடாதீர்கள், அது டிஓஐபி போர்ட், நெட்வொர்க் வழியாக ஈசியூவோடு பேசுகிற வாசல். வயர்கார்ட் விபிஎன் என்கிற பூட்டிய பாதை வழியாக மட்டும் உள்ளே போங்கள். 2015-ல் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்களான சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை நெட் வழியாகவே கட்டுப்படுத்திக் காட்டினார்கள், 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. நம் பெஞ்சில் என்ஜின் இல்லாவிட்டாலும் இக்னிஷன் காயில் நிஜமானது, கை வைத்தால் ஷாக் அடிக்கும்.

சரி, இக்னிஷன் ரிலேயைப் போடுகிறேன். அந்தப் பச்சை எல்இடியைப் பாருங்கள்... எரிகிறது. 800 ஆர்பிஎம்மில் ஆரம்பிக்கலாம்.