எந்த இடத்தில் கைவிட்டீர்கள்?

நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பிடித்தவை, ஏமாற்றியவை என்று இரண்டு பட்டியலோடு வரச் சொன்னார்கள். உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். பத்துப் புத்தகம், பத்துப் படம், ஐந்து வீடியோ கேம். எழுதி முடித்துப் படித்தால் சலவைக் கணக்கு மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். யாராவது என்னிடம் "அந்தப் படம் சுத்த மோசம்" என்றால் நான் கேட்பது இதைத்தான்: எந்த இடத்தில்?

"எல்லா இடத்திலும்" என்று பதில் வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அநேகமாக அவர் வேறு யாரோ சொன்னதைச் சொல்கிறார். நிஜமாகவே ஏமாந்தவருக்கு இடம் மறக்காது. எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார், எந்தக் காட்சியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார் என்று சொல்லிவிடுவார்.

முதலில் என் இடத்தைச் சொல்கிறேன். ஹெர்மன் மெல்வில் எழுதிய 'மோபி டிக்', 32ஆம் அத்தியாயம். அதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திமிங்கில வேட்டைக் கப்பல் கிளம்பிவிட்டது, ஒற்றைக்கால் கேப்டன் மேல்தளத்துக்கு வந்துவிட்டார், இனி வேட்டைதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதைசொல்லி வந்து திமிங்கில வகைகளைப் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். அதுவும் எப்படி? அச்சுக்காரர்கள் புத்தகங்களை அளவு பார்த்துப் பிரிப்பது போலப் பெரிய திமிங்கிலம், நடுத்தரம், சின்னது என்று அடுக்குகிறார். போதாததற்குத் திமிங்கிலம் ஒரு மீன்தான் என்று அடித்துச் சொல்கிறார். மூடி வைத்தேன். அப்புறம் பல வருடம் யார் கேட்டாலும் "அறுவை நாவல்" என்பதுதான் என் தீர்ப்பு. மொத்தம் 135 அத்தியாயங்கள். படித்தது 31. தீர்ப்பு மட்டும் முழு நாவலுக்கும்!

இந்த நாவலுக்கு நடந்த ஒரு விபத்தைப் பற்றிப் பின்னால் படித்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. 1851இல் இது முதலில் லண்டனில்தான் மூன்று தொகுதிகளாக வந்தது. கடைசியில் கப்பல் மூழ்குகிறது, ஒரே ஒருவன் மட்டும் பிழைக்கிறான். அவன்தான் நமக்குக் கதை சொல்பவன். அவன் எப்படிப் பிழைத்தான் என்பது சின்னதாக ஒரு முடிவுரையில் வருகிறது. லண்டன் பதிப்பில் அந்த முடிவுரையே இல்லை. எல்லோரும் செத்துவிட்டார்கள் என்றால் இந்தக் கதையை நமக்குச் சொன்னது யார் என்று அங்கே விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? அவர்கள் ஏமாந்தது நிஜம். ஏமாந்த இடத்தையும் சரியாகவே காட்டினார்கள். பழிதான் ஆள் மாறி எழுதியவன் தலையில் விழுந்துவிட்டது. அந்த நாவல் பெரிதாகக் கொண்டாடப்பட்டது 1920களில். மெல்வில் 1891இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

படங்களிலும் இப்படி உண்டு. 'பிளேட் ரன்னர்' 1982இல் திரைக்கு வந்தபோது கதாநாயகனின் குரல் படம் நெடுக விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. மழையும் இருட்டுமாகவே போகும் படம், முடிவில் திடீரென்று பச்சை மலைகளுக்கு மேலே பறக்கும். அந்த மலைகள்கூட ஸ்டான்லி குப்ரிக் தன் 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்து, பயன்படுத்தாமல் மீந்த துண்டுகள்தான். 1992இல் வந்த பதிப்பில் அந்தக் குரலும் இல்லை, மலையும் இல்லை. நான் பார்த்தது முதலில் பழையது, பிறகு புதியது. பழையதில் நான் கொட்டாவி விட்ட இடங்களில் எல்லாம் அந்தக் குரல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. புதியதில் அதே இடங்களில் மழைச் சத்தம் மட்டும். கண் கொட்டாமல் பார்த்தேன்.

இதை வைத்து, எல்லாக் குப்பைக்கும் உள்ளே ஒரு மாணிக்கம் ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. குப்பை குப்பைதான். ஸ்பீல்பெர்க்கின் 'இ.டி.' படத்தை வைத்து அடாரி நிறுவனம் 1982இல் ஒரு வீடியோ கேம் செய்தது. பண்டிகைக் காலத்துக்குள் கடைக்கு வந்தாக வேண்டும் என்று ஒரே ஒரு நிரலாளருக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். நான் ரொம்பக் காலம் கழித்து ஆடிப் பார்த்தேன். குழியில் விழலாம். கஷ்டப்பட்டு மேலே வரலாம். வந்ததும் மறுபடி அதே குழியில் விழலாம். விற்காத பெட்டிகளை 1983இல் நியூ மெக்சிகோவில் ஒரு குப்பைமேட்டில் புதைத்தார்கள், 2014இல் தோண்டியும் எடுத்தார்கள். இருந்தாலும், அந்த நிரலாளரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஐந்து வாரத்தில் நான் ஒரு கட்டுரையைக்கூட உருப்படியாக முடித்ததில்லை.

வீடியோ கேமில் ஏமாற்றம் வேறு மாதிரி. புத்தகம் மோசமென்றால் எழுதியவரைத் திட்டலாம். கேமில் பாதி வேலையைச் செய்வது நம் கைதானே. பெரிய பெரிய உலகத்தை வடித்துத் தருகிறார்களே, காடு, மலை, நதி எல்லாம் வைத்து, அப்படி ஒன்றை மாதக்கணக்கில் ஆடினேன். பெயர் வேண்டாம், அந்த வகையில் பலதும் அப்படித்தான். ஒருநாள் அதில் சூரியன் மறைந்துகொண்டிருந்தது. எத்தனையோ பேர் மெனக்கெட்டு வரைந்த வானம். நான் அதைப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் இருக்கும் சின்ன வரைபடத்தையும் அதில் இன்னும் முடிக்காத வேலைகளைக் காட்டும் புள்ளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில்தான் கைவிட்டேன்.

அதற்கு நேர் எதிராக ஒன்று, 2005இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்'. பரந்த வெறும் நிலம். ஊர் இல்லை, சில்லறை எதிரிகள் இல்லை. 16 பூதங்கள் மட்டும். இறந்துபோன ஒரு பெண்ணை மீட்க ஓர் இளைஞன் அவற்றை ஒவ்வொன்றாகக் கொல்ல வேண்டும், அவ்வளவுதான் கதை. முதல் பூதத்தின் முதுகில் தொற்றி ஏறி, கை நழுவி, மறுபடி ஏறி ஒருவழியாகக் குத்தினேன். வெற்றி முரசு கொட்டும் என்று காத்திருந்தால் ஒப்பாரி போல ஒரு இசை எழுகிறது. அந்தப் பெரிய உடம்பு மெதுவாகச் சாய்கிறது. அது என்னை ஒன்றும் செய்யவில்லையே, தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்ததே என்று அப்போதுதான் உறைத்தது. குத்தியது யார்? நான்தான். என் கட்டைவிரல்தான். 15 பாக்கி இருந்தது, அத்தனையையும் கொன்றேன். அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' 1979இல் வந்தது. கடைசியில் அப்பா ஆற்றில் இறங்கிப் போகிறான், அவன் குழந்தைகள் கரையில் நிற்கிறார்கள். படத்தின் மூலம் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' என்று கேள்விப்பட்டதும் அந்த ஆற்றைத் தேடிக்கொண்டு போய்ப் படித்தேன். ஆறு இல்லை. கதையே வேறு. முதல் வாசிப்பில் எரிச்சல்தான் வந்தது. இரண்டாவது தடவை ஆற்றை மறந்துவிட்டுப் படித்தேன். தாயில்லாக் குழந்தைகள் இருக்கும் ஒரு வீட்டின் மூச்சு அதில் இருந்தது. மகேந்திரன் அந்த மூச்சை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இன்னொன்றையும் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. வாராவாரம் வரும் தொடர் என்றால் கடைசி வரியில் கதவு தட்டப்படத்தான் வேண்டும். ஒரே மூச்சில் படிக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கதவு தட்டினால்? மூன்றாம் பாகத்தில் எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் பலரும் ஏமாந்ததாகச் சொல்லும் இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நாவலில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் "நான்தான்" என்கிறார்கள், கல்கி முடிச்சை அவிழ்க்காமல் விட்டுவிடுகிறார். அப்புறம் இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேட்ட வாசகர்களுக்கு முடிவுரையில் பொறுமையாகப் பதில் சொல்கிறார். அந்தக் கொலையைப் பற்றிச் சொல்லும் சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டிலும் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன, அந்த இரவில் என்ன நடந்தது என்பது இல்லை. வரலாறே வாய் திறக்காத இடத்தில் நாவலாசிரியர் உளறிக் கொட்டவில்லை. என் கணக்கில் அந்த மௌனம் ஒன்றுக்காகவே தட்டிய கதவுகளையெல்லாம் மன்னிக்கலாம்.

கடைசியாக ஒரு வாக்குமூலம். இந்தப் பேச்சுக்காக 'மோபி டிக்'கை மறுபடி எடுத்தேன். 32ஆம் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டேன். இப்போது அது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை, ஒரு மனிதன் தன் வகைப்பாட்டைத் தானே கிண்டல் செய்கிறான் என்று புரிகிறது. இன்றைக்கு 42இல் நிற்கிறேன். வெண்மை என்ற நிறம் ஏன் பயமுறுத்துகிறது என்று அத்தியாயம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். இன்னும் 93 இருக்கின்றன. முடிவுரை இருக்கிறதா என்று முதல் வேலையாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். இருக்கிறது.

நன்றி, வணக்கம்.