டெத் பரேட்: நடுவருக்குத் தெரியாதது உதவியாளருக்குத் தெரிந்தது எப்படி?

(திரையில்: இருட்டு. லிஃப்ட் மேலே ஏறும் சத்தம் மட்டும்.)

வணக்கம். ஆரம்பத்திலேயே ஒரு எச்சரிக்கை. இந்த வீடியோவில் 'டெத் பரேட்' அனிமேயின் கதையைக் கடைசி எபிசோட் வரை பேசப் போகிறேன். பார்க்கிற எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்து வாருங்கள். மொத்தமே 12 எபிசோட்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இன்னொன்று, கொலை, தற்கொலை, பெண்கள் மீதான வன்முறை எல்லாம் கதையில் உண்டு. மனம் சரியில்லாத நாளில் பார்க்கிற தொடர் இல்லை.

சரி, கதைக்கு வருவோம்.

ஒரே நேரத்தில் செத்துப்போன இரண்டு பேர் ஆளுக்கொரு லிஃப்டிலிருந்து இறங்குகிறார்கள். எதிரே ஒரு பார். நீலமும் ஊதாவுமாக வெளிச்சம், கண்ணாடித் தொட்டிகளில் மிதக்கும் ஜெல்லி மீன்கள், கவுன்ட்டருக்குப் பின்னால் வெள்ளை முடியோடு ஒரு பார்டெண்டர். பாரின் பெயர் குயின்டெக்கிம், அவன் பெயர் டெக்கிம். தாங்கள் செத்துவிட்டோம் என்பது வந்தவர்களுக்குத் தெரியாது. எப்படி இங்கே வந்தோம் என்று யோசித்தாலும் ஞாபகம் வராது. டெக்கிம் பணிவாகக் குனிந்து ஒரு சேதி சொல்வான்: நீங்கள் இருவரும் ஒரு விளையாட்டு ஆட வேண்டும், உயிரைப் பணயம் வைத்ததாக நினைத்து ஆட வேண்டும், முடியும்வரை இங்கிருந்து போக முடியாது.

ஆடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக நினைவு திரும்பும். பயம் வரும், பொய் வரும், சில நேரம் கத்தி வரும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் டெக்கிம்தான் அங்கே நடுவர், கடைசியில் தீர்ப்பு சொல்வான். ஒன்று மறுபிறவி, இல்லையென்றால் வெறுமை. மறுபடி லிஃப்ட், மேலே மாட்டியிருக்கும் முகமூடி, கதவு மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் அவன் வேலை.

(திரையில்: தொடக்கப் பாடலில் எல்லோரும் ஆடும் காட்சி.)

இதற்கு நடுவில் பிராடியோ குழுவின் 'ஃப்ளையர்ஸ்' என்று ஒரு தொடக்கப் பாட்டு. டெக்கிமின் மேலாளர் நோனா ஆடுகிறாள், இன்னொரு பாரின் நடுவர் கின்டி ஆடுகிறான், டெக்கிம்கூட ஆடுகிறான். பாட்டைப் பார்த்து நகைச்சுவைத் தொடர் என்று நம்பி உட்கார்ந்தவர்கள் பாவம்.

2015 ஜனவரியில் வந்த தொடர் இது. மேட்ஹவுஸ் ஸ்டுடியோ தயாரிப்பு, மூலக்கதையும் இயக்கமும் யுசுரு தச்சிகாவா. இளம் அனிமேட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஜப்பானில் நடந்த 'அனிமே மிராய்' திட்டத்தில் 2013-ல் அவர் 'டெத் பில்லியர்ட்ஸ்' என்று ஒரு குறும்படம் எடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தத் தொடர். குறும்படத்திலேயே டெக்கிம் இருக்கிறான். பக்கத்தில் கறுப்பு முடியோடு ஓர் உதவியாளரும் இருக்கிறாள். இன்றைக்கு நாம் பேசப் போவது அவளைப் பற்றித்தான்.

ஏறக்குறைய தொடர் முழுக்க அவளுக்குப் பெயர் கிடையாது. 'கறுப்பு முடிப் பெண்', அவ்வளவுதான். அவளுக்கே தன் பெயர் தெரியாது. குரல் கொடுத்தவர் அசாமி செட்டோ. 'ஜுஜுட்சு கைசென்' பார்த்தவர்களுக்கு நொபாராவின் குரல் என்றால் உடனே புரியும். அந்த ஆர்ப்பாட்டக் குரலா இவ்வளவு தணிந்து பேசுகிறது என்று ஆச்சரியமாக இருக்கும்.

அவளும் செத்துப்போய் வந்தவள்தான். ஆனால் வரும்போதே தான் செத்துவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவளை விளையாட வைத்து எதைக் கறப்பது? டெக்கிமால் தீர்ப்பு சொல்ல முடியவில்லை. அதனால் அவள் நினைவுகளை அழித்துவிட்டு, அங்கே மேலாளராக இருக்கும் நோனா அவளை டெக்கிமுக்கு உதவியாளராகப் போடுகிறாள். நோனாவைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருப்பாள். அந்தக் கட்டடத்தில் அவளுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது.

இப்போது முதல் வழக்கு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

(திரையில்: டார்ட்ஸ் பலகை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உடல் உறுப்பின் படம்.)

தகாஷியும் மச்சிகோவும் புதுமணத் தம்பதி. அவர்களுக்கு விழுந்த ஆட்டம் டார்ட்ஸ். பலகையில் எந்தக் கட்டத்தில் அம்பு குத்துகிறதோ, எதிராளியின் உடம்பில் அந்த உறுப்பு வலிக்கும். முதலில் இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றப் பார்க்கிறார்கள், வேண்டுமென்றே குறி தவற விடுகிறார்கள். அப்புறம் தகாஷியின் மனதில் பழைய சந்தேகம் தலைதூக்குகிறது. கல்யாணத்தன்று மனைவியின் தோழிகள் பேசியது அவன் காதில் விழுந்திருக்கிறது. இவளுக்கு வேறு யாரோடோ தொடர்பு என்று அன்றே முடிவு கட்டிவிட்டான். கார் ஓட்டும்போது அந்தச் சண்டைதான் விபத்தில் முடிந்தது. மச்சிகோ அப்போது கர்ப்பமாக இருந்தாள்.

எல்லா நினைவும் திரும்பியதும் தகாஷி உடைந்துபோகிறான். தன் குழந்தையைத் தானே கொன்றுவிட்டோமா என்ற கேள்வி அவனைத் தின்கிறது. அந்த நேரத்தில் மச்சிகோ சிரிக்கிறாள். காசுக்காகத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன் என்கிறாள். டெக்கிம் தீர்ப்பு சொல்கிறான். தகாஷிக்கு மறுபிறவி, மச்சிகோவுக்கு வெறுமை. நாமும் அவளைத் திட்டிவிட்டு அடுத்த எபிசோடுக்குப் போகிறோம்.

இரண்டாவது எபிசோட் அதே ஆட்டத்தை மறுபடி காட்டுகிறது. இந்த முறை உதவியாளரின் பக்கமிருந்து. அவளுக்கு அது வேலையில் முதல் நாள். எல்லாம் முடிந்ததும் நோனா அவளிடம் கேட்கிறாள், உனக்கு என்ன தோன்றியது என்று. அவள் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள்: மச்சிகோ சொன்னது பொய்யாக இருக்கும். குழந்தை தன்னுடையதுதான் என்று தெரிந்தால் அவனால் தாங்க முடியாது. அதனால் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

டெக்கிமுக்கு இது உறைக்கவே இல்லை. அவன் சோம்பேறி இல்லை, கெட்டவனும் இல்லை. விருந்தாளிகளின் நினைவுகள் அவனிடம் முன்கூட்டியே வந்துசேர்கின்றன. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்களே, அவனிடம் கண்ணும் காதும் இருந்தன, விசாரிப்பு இல்லை. ஒருத்தி ஏன் பொய் சொல்வாள் என்று யோசிக்க, அவள் இடத்தில் நின்று பார்க்கத் தெரிய வேண்டும். நடுவர்கள் மனிதர்களே இல்லை, பொம்மைகள். அவர்களுக்கு மனித உணர்ச்சி இருக்கக் கூடாது, மரணத்தை அனுபவிக்கக் கூடாது என்பதெல்லாம் அங்கே சட்டம்.

இந்த உதவியாளரை 'நல்ல மனசுக்காரி' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அனிமேக்களில் இரக்கமுள்ள உதவியாளருக்குப் பஞ்சமில்லை. டீ கொடுப்பார்கள், அழுகிறவர்கள் தோளில் கை வைப்பார்கள், நாயகனுக்குத் தெம்பு சொல்வார்கள். இவளுடைய இரக்கம் வேறு ரகம். அது ஒரு திறமை. எதிரே இருப்பவர் சொல்வதற்கும் நினைப்பதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அவளால் அளக்க முடிகிறது. நடுவரைவிட அவள்தான் நல்ல நடுவர். தொடர் இதை இரண்டாவது எபிசோடிலேயே போட்டு உடைத்துவிடுகிறது.

அதற்காக டெக்கிமை வில்லனாக்கிவிட வேண்டாம். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தீர்ப்பு முடிந்து போனவர்களின் நினைவாகப் பொம்மை செய்து, அவர்கள் உடுத்தியிருந்ததை உடுத்தி வைப்பான். முதலில் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். வாழ்ந்து முடித்த மனிதர்கள் மேல் தனக்கு மரியாதை உண்டு என்கிறான். மரியாதை இருக்கிறது, புரிதல் இல்லை. அதைத்தான் அவன் இவளிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாலாவது எபிசோடில் அவன் வேலை செய்யும் விதம் அப்பட்டமாகத் தெரியும். ஐந்து பிள்ளைகளுக்குத் தாயான ஒரு டிவி பிரபலமும், தற்கொலை செய்துகொண்ட ஓர் இளைஞனும் சண்டை வீடியோ கேம் ஆடுகிறார்கள். அந்தம்மா ஜெயிக்கப் போகிற நேரம் பார்த்து அவருடைய பட்டன்கள் வேலை செய்யாது. அது தானாகக் கெடவில்லை, டெக்கிம் கெடுத்தது. நெருக்கினால்தான் உள்ளே இருக்கும் இருட்டு வெளியே வரும் என்பது அவர்கள் முறை.

எட்டாவதும் ஒன்பதாவதும்தான் தொடரின் மிகக் கொடூரமான பகுதி. ஒரு போலீஸ்காரர் தத்சுமி, ஓர் இளைஞன் ஷிமாதா. ஆட்டம் ஏர் ஹாக்கி. இரண்டு பேருமே கொலை செய்தவர்கள். தங்கையைச் சிதைத்தவனைப் பழிவாங்கப் போனவன் ஷிமாதா. அந்தக் கொடுமை நடக்கும்போது தடுக்காமல், குற்றம் முழுதாக நடக்கட்டும் என்று காத்திருந்தவர் தத்சுமி. அது தெரிந்ததும் ஷிமாதாவின் கையில் கத்தி. உதவியாளர் கெஞ்சுகிறாள், வேண்டாம் என்கிறாள். டெக்கிம் தடுக்கவில்லை, தூண்டிவிடுகிறான். ஷிமாதா குத்துகிறான்.

இங்கே அவள் தோற்றுப்போகிறாள். எனக்கு இந்தத் தோல்வி பிடித்திருக்கிறது. அன்பாகப் பேசினால் எல்லோரும் மாறிவிடுவார்கள் என்று இந்தத் தொடர் கதை விடவில்லை. ஆனால் தோற்றபிறகு அவள் டெக்கிம் பக்கம் திரும்பிக் கேட்பது முக்கியம். நெருக்கி நெருக்கி மனிதர்களிடமிருந்து இருட்டை நீங்களே உண்டாக்குகிறீர்கள், பிறகு அதை வைத்தே தீர்ப்பும் சொல்கிறீர்கள், இதென்ன நியாயம்? எவரையும் மூச்சு முட்டும்வரை அழுத்தினால் அசிங்கம்தான் வெளியே வரும். அவளுடைய வாதம் அதுதான், அதற்கு டெக்கிமிடம் பதில் இல்லை.

பத்தாவது எபிசோடில் அதன் பலன் தெரிகிறது. சச்சிகோ என்று ஒரு வயதான அம்மா வருகிறார். படக்கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர். மூவரும் உட்கார்ந்து சீட்டு ஆடுகிறார்கள். வலி இல்லை, மிரட்டல் இல்லை. பாட்டி சிரித்தபடியே போய்ச் சேருகிறார். சின்ன வயதில் உதவியாளருக்கு அவள் அம்மா படித்துக் காட்டிய 'சவ்வோ' என்ற கதைக்குப் படம் வரைந்ததும் இந்தப் பாட்டிதான். அவள் நினைவு மெல்லத் திறப்பது அங்கிருந்துதான்.

(திரையில்: பாருக்குள் ஒரு பனித்தளம். தனியாக ஒரு பெண்.)

அவள் பெயர் சியுகி. ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை. முழங்காலில் அடிபட்டு ஆட்டம் முடிந்துபோனது. அதற்குப் பிறகு வாழ்க்கையில் எதுவுமே இல்லை என்று தோன்றித் தன் உயிரை மாய்த்துக்கொண்டவள். அடுத்தவர் மனதை அவ்வளவு துல்லியமாகப் படித்தவள், தான் போனால் தன் அம்மா என்ன ஆவாள் என்பதைப் படிக்கத் தவறியிருக்கிறாள். டெக்கிம் அதை அவளுக்குக் காட்டுகிறான்.

கடைசி எபிசோடில் அவளை வீட்டுக்கு அழைத்துப் போகிறான். மகளை இழந்த அம்மா அழுகிறாள், மகளால் தொடக்கூட முடியவில்லை. அப்போது டெக்கிம் ஒரு பட்டனை நீட்டுகிறான். அழுத்தினால் நீங்கள் திரும்பப் பிழைக்கலாம், உங்களுக்குப் பதில் உலகத்தில் யாரோ ஒருவர் சாக வேண்டும்.

இதுவும் நெருக்கடிதான், அவள் எதிர்த்துக் கேட்ட அதே முறைதான். யாரென்றே தெரியாத ஓர் ஆள், எதிரே அழுதுகொண்டிருக்கும் அம்மா. அவள் கை பட்டன் வரை போகிறது. அந்த முகம் தெரியாத ஆளுக்கும் எங்கேயோ ஓர் அம்மா இருப்பாளே என்று தோன்றியதும் கதறிக்கொண்டே கையை எடுத்துவிடுகிறாள். மச்சிகோவின் பொய்க்குப் பின்னால் இருந்ததைக் கண்டுபிடித்த அதே திறமைதான் இங்கேயும் வேலை செய்கிறது. வீடு, அம்மா எல்லாம் பாருக்குள் போட்ட செட் என்று பிறகு தெரியவரும். அந்த நொடியில் டெக்கிமுக்கே உடம்பு நடுங்கி வலிக்கிறது. அவனுக்குள் மனித உணர்ச்சியை ரகசியமாக வைத்துப் பார்த்தது நோனாவின் சோதனை. அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான், மறுபிறவி தருகிறான், லிஃப்டில் வழியனுப்பும்போது முதல்முறையாகச் சிரிக்கிறான்.

குறை இல்லாமல் இல்லை. நோனாவுக்கும் மேலிடத்து ஒக்குலஸுக்கும் நடக்கும் இழுபறி அந்தரத்தில் நிற்கிறது. தீர்ப்பு முறை மாறியதா என்றால், ஒரே ஒரு பார்டெண்டர் மாறினான், அவ்வளவுதான். இன்னொரு 12 எபிசோட் கொடுத்திருக்கலாம்.

தச்சிகாவா அடுத்து 2016-ல் இயக்கியது 'மாப் சைக்கோ 100'. அதிலும் பேய் ஓட்டும் ஓர் அலுவலகம், முதலாளியைவிடப் பல மடங்கு சக்தியும் நல்ல மனமும் உள்ள ஓர் உதவியாளன். மூலக்கதை வேறொருவருடையது என்றாலும் அவருக்குப் பொருத்தமான கதை போய்ச் சேர்ந்திருக்கிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் 'டெத் பில்லியர்ட்ஸ்' பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. பிறகு தொடரின் முதல் இரண்டு எபிசோட்களை ஒரே மூச்சில் பாருங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். எட்டும் ஒன்பதும் ராத்திரி தூங்கப் போகும் முன் வேண்டாம். மச்சிகோ சொன்னது பொய்தானா, உதவியாளரின் ஊகம் சரிதானா என்பதில் உங்கள் கட்சி எது என்று கீழே எழுதுங்கள். தொடர் அதற்குச் சாட்சி எதுவும் தரவில்லை. நான் உதவியாளர் பக்கம்.