ஒரே ஊசி, ஒரே கம்பெனி, ரெண்டு விலை! குரோன் நோயாளி பர்ஸில் கை வைப்பது யார்?

வணக்கம்! 2023 ஜனவரி 31. அமெரிக்காவில் அம்ஜென் கம்பெனி அம்ஜெவிட்டா என்ற ஊசியை இறக்குகிறது. ஒரே மருந்து, ஒரே அளவு. ஆனால் விலை இரண்டு. ஒன்று சுமார் 1,557 டாலர், இன்னொன்று 3,288 டாலர். அச்சுப்பிழை இல்லை, தெரிந்தே வைத்ததுதான்.

[திரையில்: குடலின் படம்]

குரோன் நோய், வேகமாகப் பார்த்துவிடுவோம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்கும். வலி, பேதி, எடை இறங்குவது. முழுசாகக் குணமாகாது, அடக்கி வைக்கலாம். அடக்கும் மருந்துகளில் ஒன்று அடலிமுமாப், ஆரம்ப டோஸ்கள் முடிந்ததும் இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. பெயர் 'மாப்' என்று முடிகிறதா? மாப்பிள்ளை மாதிரிதான், சீர் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்த மருந்தை முதலில் ஹூமிரா என்ற பெயரில் விற்றது அபாட், 2013-இல் அதிலிருந்து பிரிந்த ஆப்வியின் கைக்கு அது போனது. அம்ஜெவிட்டா ஹூமிராவின் பயோசிமிலர், அதாவது கிட்டத்தட்ட நகல்.

சரி, எதற்கு இரண்டு விலை? காஞ்சிபுரத்தில் இறங்குகிறீர்கள். ஆட்டோக்காரர் ஒரு பட்டுக்கடை வாசலில் விடுகிறார். புடவை 20,000 ரூபாய். பக்கத்துக் கடையில் அதே புடவை 9,500. ஆனால் அங்கே ஆட்டோவுக்குக் கமிஷன் கிடையாது. ஆட்டோ எந்த வாசலில் நிற்கும்? (ஆட்டோ அண்ணன்கள் கோபித்துக்கொண்டு அன்சப்ஸ்கிரைப் பண்ணிவிடாதீர்கள்.)

அமெரிக்காவில் அந்த ஆட்டோவுக்குப் பெயர் பிபிஎம். எந்த மருந்துக்குக் காப்பீடு உண்டு என்று பேரம் பேசும் இடைத்தரகர்கள். விலை கூடிய டப்பாவில் பெரிய தள்ளுபடி பின்வாசல் வழியாகத் திரும்பி வரும், இவர்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும். பங்கு சதவீதக் கணக்கில் என்றால், நோயாளி மட்டும் டப்பாவில் போட்ட விலைக்குத்தான் அதைக் கட்டுவார். 20 சதவீதம் என்றால் ஓர் ஊசிக்கு 311 டாலரா, 658 டாலரா? அவர் கையில் இல்லை. ஆடித் தள்ளுபடியில் கூடத் தள்ளுபடி வாங்குகிறவருக்குத்தானே கிடைக்கும்!

இப்போது எனக்குப் பிடித்த இடம். உலகின் முதல் அடலிமுமாப் நகல் எங்கே வந்தது தெரியுமா? இந்தியாவில்! 2014 டிசம்பர், அகமதாபாத்தின் சைடஸ், எக்ஸெம்ப்டியா, ஓர் ஊசி 200 டாலர். ஆப்வி நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளால் வேலி போட்டிருந்ததால் அமெரிக்க நோயாளிக்கு நகல் கிடைக்க இன்னும் 8 வருஷம் ஆனது.

உடனே விசில் அடிக்காதீர்கள். 200 டாலர் என்றால் அன்றைக்கே 12,000 ரூபாய்க்கு மேல். மாதம் இரண்டு. மளிகைச் சீட்டில் எழுதுகிற தொகையா அது?

உங்கள் வீட்டில் யாருக்காவது குரோன் இருந்தால் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் படியுங்கள். அடலிமுமாப் சேர்ந்த வகைக்குப் பெயர் மோனோகுளோனல் ஆன்டிபாடி. அந்த ஊசியை நவீன சிகிச்சைகளில் ஒன்றாக 2019-இல் ஐஆர்டிஏஐ, அதாவது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், பட்டியலிட்டது. ஆனால் எவ்வளவு வரை என்ற உச்சவரம்பு பொடி எழுத்தில் இருக்கலாம். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசிக்குச் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் "ஆமாம் சார்" என்பார்கள், பில் போனதும் பேச்சு மாறும்.