வெருகலா, வாகரையா?

நடுவர் ஐயா அவர்களே, வணக்கம். காலனிய ஆட்சியில் கடல் கடந்து போன கலைப்பொருட்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று எதிரணி அக்கா அழகாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். லண்டனில் பத்திரமாம், உலகமே இலவசமாகப் பார்க்கிறதாம். அனுமதி இலவசம்தான் அக்கா. விசா?

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நம் நாட்டுச் சிலையொன்று, தாரை என்ற பௌத்தப் பெண் தெய்வம், நிற்கிறாள். 143 சென்ரிமீற்றர் உயரம், பொன் பூசிய வெண்கலம், 8ஆம் நூற்றாண்டு. 1830இல் அவளை அங்கே கொடுத்தவர் ரொபர்ட் பிரவுன்றிக்; 1815இல் கண்டியைப் பிடித்த அதே தேசாதிபதி. அவள் கிடைத்த இடம்? 'திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில்'. அவ்வளவுதான் குறிப்பு. வெருகலா, கதிரவெளியா, வாகரையா? நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளும் கரை ஐயா இது! இப்படியொரு விலாசத்தை எழுதித் தபாலில் போட்டால் கடிதம் நம் வீட்டுக்கே திரும்பி வரும். கொண்டுபோனவர்களுக்குச் சிலை வேண்டியிருந்தது, ஊர் வேண்டியிருக்கவில்லை. நான் களவு என்று சொல்வது அந்த ஊர்ப்பெயரையும் சேர்த்துத்தான்.

"அது புத்த சமயத் தெய்வம், நமக்கென்ன?" பின்வரிசையில் ஒரு அண்ணன் முணுமுணுத்தது காதில் விழுந்தது. அண்ணன், இந்தக் கரையில் மகாயானம் என்ற பௌத்தப் பிரிவு இருந்ததற்கு அவளும் ஒரு சாட்சி. நமக்குப் பிடித்த சாட்சியை மட்டுமா கூப்பிடுவது?

சரி, பத்திரம் என்றார்களே. அதே அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 2000 பொருட்கள் காணாமல் போன செய்தி 2023 ஓகஸ்டில் வெளிவந்தது. பணிப்பாளரே பதவி விலகினார். கொழும்பு அருங்காட்சியகத்திலும் 2012இல் திருடன் புகுந்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் வீட்டுப் பூட்டு சரியில்லை என்பதற்காக, பிடிபட்ட நகையை வீட்டுக்காரனிடம் கொடுக்காதே என்று எந்த நீதவான் சொல்லியிருக்கிறார்?

பொருட்களைத் திருப்பிக் கொடுக்க அந்த அருங்காட்சியகத்தின் 1963ஆம் ஆண்டுச் சட்டம் விடாது என்றும் அக்கா சொன்னார். எழுதியது அவர்களுடைய பாராளுமன்றம்தானே, திருத்தட்டும். ஒல்லாந்தர் செய்யவில்லையா? 1765இல் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது போன லெவ்கே பீரங்கியை, கொள்ளைப் பொருள்தான் என்று தாங்களே ஆராய்ந்து சொல்லி, இன்னும் ஐந்து பொருட்களோடு 2023இல் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

தாரையும் கொழும்பில் இறங்கட்டும், தடுக்கவில்லை. ஆனால் ஒருக்கா இந்தக் கரைப் பாதையால் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாகரையில் நிறுத்துங்கள், வெருகலில் நிறுத்துங்கள். யாராவது ஒரு கிழவி பார்த்துவிட்டு, "எங்கட அப்பாச்சி சொல்லுவா, அந்தத் திடல் பக்கம்..." என்று வாயைத் திறந்தாலும் திறப்பார்.