ஆண்டறிக்கையில் வரும் எண்களை எப்படி வாசிப்பது? கொழும்புக் கத்தோலிக்கப் பாடசாலைகளின் டிசம்பர்

[திரையில்: கொட்டாஞ்சேனை, புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம். பாடசாலை மதிலில் ஒளிவிழாப் பதாகை.]

வணக்கம். மூன்றாம் தவணை முடிகிற நேரம் இது. கொழும்பில் எந்தக் கத்தோலிக்கப் பாடசாலைக்குள் போனாலும் இந்த நாட்களில் இரண்டு வேலைகள் மும்முரமாக நடக்கும். மண்டபத்தில் ஒளிவிழா என்கிற கிறிஸ்மஸ் விழாவுக்கான ஒத்திகை. அலுவலகத்தில் அந்த வருடத்துச் செய்திகளையும் சாதனைகளையும் தொகுக்கிற வேலை. பரிசளிப்பு விழா சில இடங்களில் வேறு மாதத்தில் வைப்பார்கள். ஆனாலும் வருடக் கணக்கு டிசம்பரில்தான் கூட்டப்படுகிறது.

ஒன்பது ஏ, மாவட்டத்தில் முதலிடம், மாகாண மட்டத்தில் வெற்றி என்று அதிபர் ஆண்டறிக்கையை வாசிக்க வாசிக்க நாங்கள் கைதட்டுகிறோம். தட்டவும் வேண்டும். ஆனால் அந்த எண்கள் எப்படி உண்டாகின்றன என்று தெரிந்தால், எங்கே இன்னும் பலமாகத் தட்டலாம், எங்கே ஒரு கேள்வி கேட்கலாம் என்பது விளங்கும். இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். சென் பெனடிக்ட் கல்லூரி கொட்டாஞ்சேனையில் தொடங்கியது 1865 இல். மருதானையில் சென் ஜோசப் கல்லூரி 1896. கொழும்பு 7 இல் சென் பிரிஜெட்ஸ் கொன்வென்ட் 1902. பம்பலப்பிட்டியில் சென் பீட்டர்ஸ் கல்லூரி 1922. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் வந்த சட்டங்களால் அரச உதவி பெற்றுவந்த பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்புக்குப் போயின. பெரிய பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு வழி விடப்பட்டது. தனியாராக இருக்கலாம், ஆனால் அரச உதவி கிடையாது, பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்கக் கூடாது. அந்த நாட்களில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே இரவு பகலாகத் தங்கிக் காவல் இருந்தார்கள். பிறகு அந்தப் பாடசாலைகள் நின்றது பெற்றோரும் பழைய மாணவரும் கொடுத்த காசில்தான். அதனால்தான் இன்றைக்கும் ஆண்டறிக்கையில் நன்றி சொல்லும் பகுதி அவ்வளவு நீளமாக இருக்கிறது. தாங்கி நின்றவர்களுக்குக் கணக்கு ஒப்புவிக்கிற இடம் அது. அதைச் சடங்கு என்று நினைத்து எழுந்து போய்விடாதீர்கள்.

சரி, இனி எண்களுக்கு வருவோம்.

[திரையில்: "9 ஏ" என்று எழுதிய பதாகை]

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்கள். ஆறு கட்டாயம்: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மீதி மூன்றும் தெரிவுப் பாடங்கள். ஒன்பதிலும் 75 புள்ளிக்குக் குறையாமல் எடுத்தால்தான் ஒன்பது ஏ. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது லேசான காரியம் இல்லை.

ஆனால் அறிக்கையில் "24 மாணவர்கள் 9 ஏ" என்று இருந்தால் உடனே பக்கத்தில் இன்னொரு எண்ணைத் தேடுங்கள்: எத்தனை பேர் தோற்றினார்கள்? ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன். ஒரு பாடசாலையில் 160 பேர் தோற்றி 24 பேர் ஒன்பது ஏ. இன்னொன்றில் 40 பேர் தோற்றி 6 பேர். இரண்டும் நூற்றுக்குப் பதினைந்துதான். பதாகையில் முதலாவது பெரிதாகத் தெரியும், அவ்வளவே. அதைவிட முக்கியமானது, அடுத்த கட்டமான உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றவர்கள் எத்தனை பேர் என்பது. பொதுவாக ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்று பாடங்களில் சி, அதாவது திறமைச் சித்திக்குக் குறையாத பெறுபேறு. அந்தச் சின்னப் பாடசாலையில் நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், என் கைதட்டல் முதலில் அங்கேதான். கணிதத்தில் தடுமாறிய பிள்ளையைப் பின்னேர வகுப்பில் உட்கார்த்தி எஸ், அதாவது சாதாரண சித்தி, எடுக்க வைத்த ஆசிரியரின் உழைப்பு, ஒன்பது ஏ எண்ணிக்கையில் ஒருபோதும் தெரியாது.

எந்த வருடத்துப் பெறுபேறு என்பதையும் கவனியுங்கள். கொவிட்டுக்கு முன்பு சாதாரண தரம் டிசம்பரில் நடந்தது, உயர்தரம் ஆகஸ்டில். பிறகு எல்லாம் தள்ளிப்போனது. 2024 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச்சில் நடந்து, பெறுபேறு ஜூலையில் வந்தது. ஆகவே அறிக்கையில் "2024 (2025)" என்று அடைப்புக்குறியோடு கண்டால் குழம்ப வேண்டாம். ஒரே பரீட்சைதான்.

உயர்தரத்தில்தான் பலருக்கும் சிக்கல். மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு ஏன் கேட்ட பீடம் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு வருடமும் என்னிடம் கேட்கிறார்கள். பதில் இசட் புள்ளியில் இருக்கிறது. பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் மாறும் அல்லவா? அதைச் சமப்படுத்த, பிள்ளையின் புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்து, அதை நியம விலகலால், அதாவது எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்கிற அளவால், வகுக்கிறார்கள்.

[திரையில்: பெளதிகவியல் 70, இரசாயனவியல் 70]

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெளதிகவியலில் சராசரி 40, நியம விலகல் 15 என்று வையுங்கள். 70 எடுத்த பிள்ளைக்கு இசட் புள்ளி 2. இரசாயனவியலில் சராசரி 50, நியம விலகல் 20. அதே 70 க்கு அங்கே இசட் புள்ளி 1 தான். இப்படி மூன்று பாடங்களுக்கும் எடுத்து, சராசரியைக் கண்டால் அதுதான் பெறுபேற்றுத் தாளில் வருகிற எண். மாவட்ட நிலையும் அகில இலங்கை நிலையும் அந்த எண்ணை வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படை, 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. கொழும்புப் பிள்ளைக்கு அந்த 5 வீதத்தில் பங்கில்லை. நாட்டின் பேர்போன பாடசாலைகள் பலவற்றோடு ஒரே மாவட்டத்துக்குள் போட்டி போட வேண்டும். ஆகவே அறிக்கையில் "உயிரியல் பிரிவில் மாவட்ட நிலை 60" என்று வாசித்தால் அறுபதா என்று முகம் சுளிக்காதீர்கள். கொழும்பில் அது பெரிய நிலை. எந்தப் பிரிவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கலை, வணிகம், தொழில்நுட்பம் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரிசை உண்டு.

இன்னொன்று. பாடசாலை மதிலில் இருக்கிற அதே முகம் சந்தியில் டியூஷன் வகுப்புச் சுவரொட்டியிலும் சிரிக்கும். யாருடைய சாதனை என்று சண்டை போடத் தேவையில்லை. அந்தப் பிள்ளையினதும் வீட்டாரினதும் சாதனை என்று முதலில் சொன்னால் போதும்.

விளையாட்டுச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் பருவம் இரண்டு வருடங்களில் விழுகிறது. ஜோசப்பும் பீட்டர்ஸும் 1933 இலிருந்து மோதுகிற பிக் மேட்ச் என்கிற வருடாந்தக் கிரிக்கெட் போட்டி வருவதும் மார்ச் பக்கம். ஆகவே டிசம்பர் அறிக்கையில் பாதிக் கதைதான் இருக்கும். சமிந்த வாஸும் அஞ்சலோ மெத்தியூஸும் ஜோசப்பில் விளையாடியவர்கள், ரொய் டயஸும் ரஸல் ஆர்னோல்டும் பீட்டர்ஸில். அந்தப் பெயர்களைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள்தான் இப்போது 13 வயதுக்குட்பட்டோர் அணியில் நிற்கிறார்கள்.

தமிழ்மொழித் தினப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. பேச்சு, பாவோதல், கட்டுரை, விவாதம், இசையும் அசைவும் என்று பல பிரிவுகள். பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் தாண்டித்தான் அகில இலங்கை மேடைக்குப் போக முடியும். "வலய மட்டத்தில் இரண்டாம் இடம்" என்று ஒரு வரியில் கடந்துபோவார்கள். மேல் மாகாணத்தில் அந்த இரண்டாம் இடத்தை எடுக்க, ஒரு பிள்ளை மாதக்கணக்கில் இடைவேளையை விட்டுவிட்டு, தமிழ் ஆசிரியைக்கு முன்னால் நின்று ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓதியிருக்கும். ளகரமும் ழகரமும் சரியாக விழும்வரை ஆசிரியை விடமாட்டார். கொழும்பில், சுற்றிவர மூன்று மொழிகள் கேட்கிற தெருவில் வளர்கிற பிள்ளை அதைச் செய்வது சாதாரண விஷயம் இல்லை. அந்த வரி வரும்போது பலமாகத் தட்டுங்கள்.

அதேபோல வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை, இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் ஆகிய கத்தோலிக்கச் சங்கங்கள். இவை பெரும்பாலும் அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் வரும். ஒரு கத்தோலிக்கப் பாடசாலை எதற்காக இருக்கிறது என்று கேட்டால் அந்தப் பக்கங்களைத்தான் நான் காட்டுவேன். அரிசியும் பருப்பும் பால்மாவும் கட்டிய பொதியைத் தூக்கிக்கொண்டு கொழும்பில் தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான குடியிருப்பில் ஒரு வீட்டுப் படியேறி, அங்கே இருக்கிற பாட்டியோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிற பிள்ளைக்குப் பதக்கம் கிடையாது.

[திரையில்: மண்டபத்தில் ஒத்திகை, பாலன் குடில்]

ஒளிவிழாவுக்கு வருவோம். உயர்தரப் பரீட்சைக்காகப் பாடசாலைகள் நவம்பரில் மூடப்படுவதால் ஒத்திகைக்குக் கிடைக்கிற நாட்கள் இப்போது குறைவு. இருந்தும் நடக்கிறது. குளிக்கிற துவாயைத் தலையில் கட்டிய இடையர்கள், காட்போட்டில் பஞ்சு ஒட்டிய சிறகுகளோடு சம்மனசுகள், அதாவது வானதூதர்கள். கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளில் இந்துப் பிள்ளைகளும் நிறையப் பேர் படிக்கிறார்கள். காலையில் வீட்டில் பூசிய திருநீறு நெற்றியில் மெல்லியதாய்த் தெரிய, நீலத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு மரியாளாக நிற்கிற பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சூசையப்பர் கத்தோலிக்கப் பிள்ளை. பரிசளிப்பில் கத்தோலிக்க திருமறைக்கும் சைவநெறிக்கும் ஒரே மேடையில் பரிசு கொடுக்கிற பாடசாலைகளை நான் மனதாரப் போற்றுகிறேன்.

கடைசியாக, நான் முன்பே சொன்ன அந்தக் கேள்வி. ஆண்டறிக்கைகளில் பெறுபேறு பெரும்பாலும் முழுப் பாடசாலைக்கும் சேர்த்தே வருகிறது. சிங்கள மொழிமூலம், தமிழ் மொழிமூலம், ஆங்கில மொழிமூலம் என்று பிரித்து வருவது அரிது. கொழும்பில் தமிழ் மொழிமூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பது வெகுகாலமாகவே கஷ்டம். ஒரு தவணை முழுக்க விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் ஒரு வகுப்பு போயிருந்தால், பாடசாலையின் மொத்தச் சித்தி வீதத்தில் அது மறைந்துவிடும். மறைந்தால் அடுத்த வருடமும் ஆசிரியர் வரமாட்டார். எங்கள் பிள்ளைகள் அந்த வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

பரீட்சைத் திணைக்களம் அனுப்பிய பெறுபேற்றுப் பட்டியல் அதிபரிடம் இருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த மொழிமூலத்தில் படித்தது என்பதும் வகுப்பாசிரியருக்குத் தெரியும். பிரித்துப் பார்க்க ஒரு பின்னேரம் போதும். குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம். அநேகமான அதிபர்கள் அந்த வெற்றிடத்தை நிரப்பத் தாங்களே அலைந்துகொண்டிருப்பார்கள், பெற்றோரின் கடிதம் அவர்கள் கைக்கு ஒரு பலம். ஜனவரியில் முதலாம் தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு வரும். தமிழ் மொழிமூலத்தில் எத்தனை பேர் தோற்றினார்கள், எத்தனை பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றார்கள், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இந்த வருடம் ஆசிரியர் யார் என்று மூன்று வரி எழுதி, அன்றைக்கே வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள்.