32 முறை மெல்ல வேண்டுமா?

வணக்கம். ஒரு வாய் உணவை 32 முறை மெல்ல வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பல்லுக்கு ஒன்று என்று கணக்காம்! கஞ்சியை எப்படி 32 முறை மெல்வது? எண்ணிக்கையை விடுங்கள். கூழாகும் வரை மெல்லுங்கள், போதும்.

இதோ, என் கையில் ஒரு துண்டு வெறும் ரொட்டி. வாயில் போடுகிறேன். ருசியே இல்லை, காய்ந்த அட்டையைக் கடிப்பது போல இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்... இப்போது ஈரமாகிக் கூழாகிவிட்டது. லேசாக இனிக்கவும் தொடங்குகிறது. நான் சர்க்கரை சேர்க்கவில்லை. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதிதான் மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. செரிமானம் வாயிலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இரண்டே கடியில் விழுங்கினால் உமிழ்நீர் கலக்க நேரமேது?

பச்சைக் காரட்டுக்கும் மெல்லுவது அவசியம். அதன் செல்சுவரை நம் குடலால் செரிக்க முடியாது. பல்தான் உடைத்துத் தர வேண்டும். உடையாத துண்டுகளுக்குள் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்து பெரும்பாலும் உடம்பில் சேராமலே போய்விடும்.

அடுத்தது பசி. குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் 'போதும்' என்று மூளைக்குச் சொல்லி முடிக்க ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவர் அதற்குள் இரண்டாம் முறையும் பரிமாறிக்கொண்டிருப்பார். வேகமாகச் சாப்பிடுகிறவர்களிடம் உடல் பருமன் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக மெதுவாகச் சாப்பிட்டாலே எடை குறைந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தட்டில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டுமே!

இதில் எல்லை மீறியவரும் உண்டு. ஹொரேஸ் பிளெட்சர் என்ற அமெரிக்கர், உணவு தானாகத் தொண்டையில் இறங்கும் வரை மெல்லச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். அவர் 1919-இல் 69 வயதில் காலமானார்.

நான் சொல்வது சிறிய வேலைதான். அடுத்த முறை சாப்பிடும்போது உங்கள் கையைக் கவனியுங்கள். வாயில் இருப்பது பாதிகூட அரைபட்டிருக்காது, கை அடுத்த கவளத்தோடு உதட்டருகே காத்திருக்கும். நம்மை அவசரப்படுத்துவது அந்தக் கைதான். வாய் காலியாகும் வரை அதைத் தட்டிலேயே வையுங்கள். கரண்டி என்றால் கீழே வைத்துவிடுங்கள்.

மெல்லும்போது பல் வலித்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். நன்றாக மென்ற பிறகும் உணவு தொண்டையில் அடிக்கடி சிக்கினால், இன்னும் மெதுவாகச் சாப்பிட்டுச் சமாளிக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.